மாமாவின் லாட்டரியும் 99.54 சதவீதமும்

மார்த்தாண்டத்தில் இருக்கும் எங்க மாமா ஒரு டெய்லர். சனிக்கிழமை மதியம் கடையை அடைத்ததும் களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போவார். அங்கே அத்தையின் தங்கச்சி வீடு. போகிற வழியில் ஒரு சாயா, அப்புறம் ஒரே ஒரு கேரளா லாட்டரி டிக்கெட். குலுக்கல் முடிந்த டிக்கெட்டை அவர் கிழித்துப் போடுவதில்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி வைத்துவிடுவார்.

நான் பி.காம் படிக்கிறேன். பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் நிகழ்தகவு பாடம் முடிந்த கையோடு மாமாவிடம் போய், "இது நஷ்டக் கணக்கு மாமா" என்று ஆரம்பித்தேன். பேப்பரில் கணக்குப் போட்டும் காட்டினேன். மாமா மிஷினில் இருந்து காலை எடுக்காமலேயே சொன்னார்: "வாரத்துக்கு ரெண்டு சாயா கூடுதலா குடிச்சேன்னு வச்சுக்க மக்களே. அவ்வளவுதாம்லா."

எனக்குக் கோபம்தான் வந்தது. கணக்கு என் பக்கம் இருக்கும்போது அவர் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்?

அதே சமயத்தில் எங்கள் கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவர் மொபைலில் காசு கட்டி ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். லாட்டரி வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு வரும். "அது அதிர்ஷ்டம், இது திறமை" என்பார். உண்மையிலேயே நன்றாக ஆடக்கூடியவர். கடைசியில் செமஸ்டர் பீஸுக்கு வீட்டில் கொடுத்த பணம் அதில்தான் போனது.

அதிர்ஷ்டத்தை நம்பிய மாமா நன்றாக இருக்கிறார், திறமையை நம்பிய அண்ணன் மாட்டிக்கொண்டார். இது ஏன் என்று தேடப் போனதில் ஒரு நீண்ட வரலாறு கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும்.

தான்றி மரத்தடியில்

நளன் கதை எல்லோருக்கும் தெரியும். புகழேந்திப் புலவரின் நளவெண்பா வழியாகத் தமிழில் நிலைத்துவிட்ட கதை. தம்பி புட்கரனிடம் சூதாடி நாட்டை இழந்த நளன், அயோத்தி அரசன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். மகாபாரதத்தில் இந்தக் கதை வரும் இடத்தில் ஒரு விசித்திரமான காட்சி உண்டு. ஓடும் தேரில் இருந்தபடியே அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இரண்டு கிளைகளில் இத்தனை இலை, 2,095 காய் இருக்கிறது என்று சொல்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது!

எப்படி என்று கேட்டால், "எனக்குச் சூதின் ரகசியம் தெரியும், அதனால் எண்ணிக்கையும் தெரியும்" என்ற அர்த்தத்தில் பதில் வருகிறது. அந்த வித்தையை நளனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவனிடமிருந்து குதிரை வித்தையைக் கற்றுக்கொள்கிறான். அந்த மரம் தான்றியாக இருப்பதும் தற்செயல் இல்லை. திரிபலா சூரணத்தில் கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்க்கிறோமே, அதே தான்றிக்காய்தான் பழைய காலத்தில் சூதாட்டக் காயாக இருந்தது.

எண்ணும் வித்தையும் சூதாடும் வித்தையும் ஒன்றுதான் என்று நம் ஆட்கள் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். நிகழ்தகவின் வரலாற்றை ஆராய்ந்த தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங் தன் 1975-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இந்தக் காட்சியை எடுத்துப் பேசுகிறார். ஆனால் அந்த வித்தையின் சூத்திரம் என்ன என்பது கதையில் இல்லை.

(திருவள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 94-ஆவது. அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. காமர்ஸ்காரனுக்கு இதில் ஒரு சந்தோஷம்!)

48-ம் 16-ம்

சூத்திரம் கிடைத்தது 1654-இல், பிரான்சில். பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு கணித மேதைகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். விஷயம் இதுதான்: இரண்டு பேர் ஆளுக்கு 32 காசு கட்டி ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு மொத்தம் 64 காசு. ஒருவர் இரண்டு ஆட்டமும் மற்றவர் ஒரு ஆட்டமும் ஜெயித்திருக்கும்போது ஆட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

பாஸ்கல் பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை, இனி நடக்கக்கூடியதைப் பார்த்தார். அடுத்த ஆட்டம் நடந்திருந்தால் என்ன ஆகும்? முன்னால் இருப்பவர் ஜெயித்தால் 64-ம் அவருக்கு. தோற்றால் இரண்டுக்கு இரண்டு, ஆளுக்கு 32. ஆக, 32 காசு எப்படியும் அவருடையது. மீதி 32-க்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதனால் அதில் 16. மொத்தம் அவருக்கு 48, மற்றவருக்கு 16.

இவ்வளவுதான் விஷயம். வரக்கூடிய ஒவ்வொரு தொகையையும் அது வரும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால், இன்றைய தேதியில் அந்த ஆட்டத்தின் விலை கிடைத்துவிடும். இதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். 1657-இல் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் இதை வைத்து ஒரு சின்னப் புத்தகமே போட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு சூதில் ஜெயிப்பதற்காகப் பிறக்கவில்லை. நின்றுபோன ஆட்டத்தின் காசை நியாயமாகப் பங்கு போடுவதற்காகப் பிறந்தது. இன்றைக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் நிர்ணயிப்பதுகூட இதே கணக்கில்தான்.

மிஷினுக்குள் ஒரு சீட்டுக்கட்டு

எதிர்பார்ப்பு மதிப்பை வைத்து அட்சரம் பிசகாமல் ஆடக்கூடிய ஆட்டம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. வீடியோ போக்கர்.

இதன் மூதாதை 1891-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் வந்தது. சிட்மன், பிட் என்ற இருவரின் கம்பெனி செய்த மிஷின். ஐந்து உருளைகள், அவற்றில் சீட்டுப் படங்கள். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் ஐந்து சீட்டு வந்து நிற்கும். நல்ல கை விழுந்தால் மதுக்கடைக்காரர் பீரோ சுருட்டோ கொடுப்பார். ஆனால் அதில் 52 சீட்டு இருக்காது, 50 தான். இஸ்பேடு பத்தையும் ஆட்டின் ஜாக்கியையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் ஒரே இனத்தில் வந்தால் அதுதான் ராயல் ஃப்ளஷ், ஆட்டத்தின் உச்சம். இந்த இரண்டு சீட்டு இல்லையென்றால் இஸ்பேடிலும் ஆட்டினிலும் ராயலே வராது. நான்கு ராயல் இரண்டாகிவிட்டது. இரண்டு சீட்டை எடுத்து வாய்ப்பைப் பாதியாக்கிவிட்டார்கள், பாருங்கள்!

கம்ப்யூட்டர் திரையோடு கூடிய மிஷின் 1970-களில் வந்தது. 1979-இல் சை ரெட் என்பவரின் கம்பெனி (பிறகு ஐ.ஜி.டி. என்று பிரபலமானது) வெளியிட்ட 'டிரா போக்கர்' என்ற மிஷின்தான் லாஸ் வேகாஸில் இதைப் பெரிய வியாபாரமாக்கியது. ஆட்டம் சுலபம். ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விடலாம். விட்ட சீட்டுக்குப் பதில் புதுச் சீட்டு வரும். கடைசியில் இருக்கும் கைக்குத் தகுந்த பணம், திரையில் இருக்கும் பட்டியல்படி.

இதில் கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம் இரண்டு. முதலாவது, திரையில் சீட்டுக்கட்டைக் காட்டினால் அது உண்மையான கட்டு மாதிரியே நடந்துகொள்ள வேண்டும் என்பது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விதி. 1891-இல் செய்தது போல இரண்டு சீட்டை உருவ முடியாது. இரண்டாவது, பரிசுப் பட்டியல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சாதாரண ஸ்லாட் மிஷினில் எந்தப் படம் எத்தனை தடவை வரும் என்பது உள்ளே இருக்கும் சிப்புக்குத்தான் தெரியும். இங்கே எல்லாம் வெளிச்சம்.

52 சீட்டில் ஐந்து எடுக்க 25,98,960 வழிகள். ஒவ்வொரு கையிலும் எந்தச் சீட்டை வைப்பது, எதை விடுவது என்பதற்கு 32 வழிகள் (ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு முடிவு, ஐந்து முறை இரண்டைப் பெருக்கினால் 32). மனுஷனால் முடியாது, கம்ப்யூட்டரால் முடியும். 1980-களில் லென்னி ஃப்ரோம் என்ற ஓய்வுபெற்ற விமான எஞ்சினியர் உட்பட சிலர் இதைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தக் கைக்கு எந்த முடிவு சரி என்று பட்டியல் போட்டுப் புத்தகமாக்கினார்கள்.

ஒரு கை ஆடிப் பார்ப்போம்

'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' என்ற அடிப்படை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காசுக்குக் கிடைப்பது இது: ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் இவற்றில் ஒரு ஜோடி வந்தால் 1 (கட்டிய காசு திரும்ப வந்ததாக அர்த்தம்), இரண்டு ஜோடிக்கு 2, மூன்று ஒரே சீட்டுக்கு 3, வரிசையாக ஐந்து சீட்டுக்கு 4, ஐந்தும் ஒரே இனம் என்றால் 6, மூன்றும் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸுக்கு 9, நான்கு ஒரே சீட்டுக்கு 25, ஒரே இனத்தில் வரிசையாக வந்தால் 50, ராயலுக்கு 250. ஐந்து காசு கட்டி ஆடினால் மட்டும் ராயலுக்குக் காசுக்கு 800.

உங்கள் கையில் ஆட்டின் 2, 5, 8, ராஜா, கூடவே கிளாவர் 8. இரண்டு வழிகள் கண்ணில் படும். எட்டு ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று சீட்டு வாங்கலாம். அல்லது கிளாவர் 8-ஐ விட்டுவிட்டு நான்கு ஆட்டினை வைத்து ஒரு சீட்டு வாங்கலாம். நம்மில் நிறையப் பேர் கையில் இருக்கும் ஜோடியை உடைக்க மாட்டோம். கணக்கு என்ன சொல்கிறது?

நான்கு ஆட்டினை வைத்தால், மீதி 47 சீட்டில் 9 ஆட்டின் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 6 காசு, 54. மீதி மூன்று ராஜாவில் ஒன்று வந்தால் 1 காசு, அது 3. மொத்தம் 57. 47-ஆல் வகுத்தால் 1.21.

எட்டு ஜோடியை வைத்தால், 47-இல் மூன்று சீட்டு வர 16,215 வழிகள். அதில் இரண்டு ஜோடி ஆவது 2,592, மூன்று எட்டு ஆவது 1,854, ஃபுல் ஹவுஸ் 165, நான்கு எட்டு 45. காசால் பெருக்கிக் கூட்டினால் 13,356. 16,215-ஆல் வகுத்தால் 0.82.

ஜோடியை உடைக்க வேண்டும்! வித்தியாசம் ஒரு காசுக்கு 39 பைசா.

இப்போது கிளாவர் 8-க்குப் பதிலாக கிளாவர் ராஜா இருக்கட்டும். ராஜா ஜோடி மேம்படாவிட்டாலும் போட்ட காசு திரும்ப வரும். அந்த ஜோடியின் மதிப்பு 1.54. நான்கு ஆட்டினின் மதிப்பு 1.19 (இன்னொரு ராஜாவைக் கையிலிருந்து விட்டுவிட்டதால் கொஞ்சம் குறைகிறது). இங்கே ஜோடியை உடைக்கக் கூடாது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கை, நேர் எதிரான இரண்டு முடிவு. இந்த ஆட்டத்தில் திறமை என்பது இதுதான். யாரையும் ஏமாற்றத் தேவையில்லை, முகபாவம் தேவையில்லை, பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும். நம் பரிட்சை மாதிரி!

எல்லாம் சரியாக ஆடினால்?

25,98,960 கையிலும் ஒரு தப்பும் செய்யாமல், ஐந்து காசு கட்டி, ஃபுல் ஹவுஸுக்கு 9-ம் ஒரே இனத்துக்கு 6-ம் கொடுக்கும் மிஷினில் ஆடினால், நீண்ட காலத்தில் 100 ரூபாய்க்கு 99 ரூபாய் 54 காசு திரும்ப வரும். அதே மிஷினில் 9-ஐ 8 ஆக்கி, 6-ஐ 5 ஆக்கினால் 97 ரூபாய் 30 காசு. பார்க்க அதே மிஷின், அதே சத்தம், அதே விளக்கு. மாறியது இரண்டு எண்.

அதனால் வீடியோ போக்கர் நன்றாக ஆடுவதில் முதல் பாடம் சீட்டைப் பற்றியது இல்லை. உட்காருவதற்கு முன் பரிசுப் பட்டியலைப் படி என்பதுதான். 100.76 சதவீதம் கொடுத்த 'டியூசஸ் வைல்ட்' மிஷின்கூட நெவாடாவில் இருந்திருக்கிறது. ஆடுகிறவர்கள் நிறையத் தப்பு செய்வார்கள் என்ற தைரியத்தில் கடைக்காரர் வைத்தது அது.

99.54 என்றால் 46 காசுதானே நஷ்டம், பரவாயில்லை என்று எனக்கும் தோன்றியது. அப்போதுதான் கோட்டாறு கம்போளம் ஞாபகம் வந்தது. மொத்த வியாபாரி ஒருவர் கிலோவுக்கு ஐம்பது பைசா லாபத்தில் அரிசி விற்பார். கேட்பவர்களுக்கு அவர் தர்மம் செய்வது போல இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை ஓடுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். மார்ஜின் சின்னது, டர்ன்ஓவர் பெரியது. காமர்ஸில் முதல் வருஷமே சொல்லித்தருவது.

வேகமாக ஆடுகிறவர் மணிக்கு 600 கை ஆடுவார். கைக்கு 50 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 30,000 ரூபாய் மிஷினுக்குள் ஓடுகிறது. அதில் 0.46 சதவீதம் 138 ரூபாய். ஒரு தப்பும் செய்யாதவருக்கு மணிக்கு 138 ரூபாய் நஷ்டம். 97.30 மிஷினில் 810 ரூபாய்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த 99.54-இல் ஏறக்குறைய 2 சதவீதம் ராயலில் இருந்து மட்டும் வருகிறது. ராயல் சராசரியாக 40,391 கைக்கு ஒரு தடவை. மணிக்கு 600 என்றால் 67 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அது வரும்வரை உண்மையான நஷ்டம் மணிக்கு 730 ரூபாய் அளவில் இருக்கும். 67 மணி நேரம் ஆடினாலும் ராயல் வராமலே போக 37 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. சராசரி என்பது எல்லோருடைய காசையும் சேர்த்துப் பார்க்கும் கடைக்காரருக்குத்தான் சௌகரியம். தனி ஆளின் பாக்கெட்டுக்கு அது பொறுமையாகக் காத்திருக்காது.

1967 நவம்பர்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. அதே நாளில்தான் கேரள மாநிலமும் உருவானது. சரியாகப் பதினொரு வருஷம் கழித்து, 1967 நவம்பர் 1-இல், கேரள அரசு தன் முதல் லாட்டரி டிக்கெட்டை வெளியிட்டது. விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000. குலுக்கல் 1968 ஜனவரி 26-இல். தமிழ்நாடு அரசும் 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரி விற்பனைக்கும் தடை வந்தது. அன்றிலிருந்து களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அரசாங்கமே விற்பது, இந்தப் பக்கம் விற்றால் குற்றம்.

லாட்டரியின் எதிர்பார்ப்பு மதிப்பு என்ன? பரிசுப் பட்டியலைப் பார்க்காமலேயே ஒரு எல்லை சொல்லிவிடலாம். லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 50 ரூபாய் டிக்கெட்டில் 14 ரூபாய் 29 காசு வரியாகவே போய்விடும். மிச்சம் 35 ரூபாய் 71 காசு. இதில் ஏஜென்ட் கமிஷன், அச்சடிக்கும் செலவு, அரசின் லாபம் எல்லாம் போக மீதிதான் பரிசு. ஆக, 100-க்கு 71 ரூபாய்க்கு மேல் வரவே வராது, அதைவிட எவ்வளவோ குறையும். பெரிய பரிசு விழுந்தால் அதில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் வேறு. சதவீதப்படி பார்த்தால் லாட்டரி, வீடியோ போக்கருக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

அதே 1967 நவம்பரில், 22-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. செகந்திராபாதில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியது பற்றிய வழக்கு. ரம்மியில் எந்தச் சீட்டு போனது என்று ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும், அதனால் அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள். குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996-இல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், தீர்ப்பு வந்தது.

அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேலாக நம் நாட்டில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இது திறமையா, அதிர்ஷ்டமா? ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகள் வந்தபோது தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் நீதிபதி சந்துரு குழு அமைத்து, புதுச் சட்டம் இயற்றி, கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த பகுதியை நீக்கியது. மறுபடியும் அதே கேள்வி!

என் சந்தேகம், கேள்வியே தப்போ என்பதுதான். வீடியோ போக்கரில் திறமை இருக்கிறது. மேலே நாமே ஒரு கை ஆடிப் பார்த்தோம். அப்படி இருந்தும் அந்த மிஷினில் பூரணத் திறமைசாலிக்கும் மணிக்கு 138 ரூபாய் நஷ்டம். திறமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கடைக்காரர் எவ்வளவு எடுக்கிறார், எத்தனை தடவை எடுக்கிறார் என்பது வேறு கேள்வி. 1967 தீர்ப்பிலேயே இந்த இரண்டாவது கேள்வியின் விதை இருக்கிறது. கிளப் வசதிக்காகக் கட்டணம் வாங்கலாம், ஆனால் இடத்தின் சொந்தக்காரர் ஆட்டத்தில் இருந்தே லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்கள். 'ரம்மி திறமை' என்ற வரி மட்டும் பிரபலமாகிவிட்டது.

ஒன்பதுக்கு ஐந்து

சீனியர் அண்ணனிடம் போவோம். இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். கம்பெனி கமிஷன் 10 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 200-இல் 20 போக ஜெயித்தவருக்கு 180. நஷ்டமில்லாமல் இருக்க எத்தனை ஆட்டம் ஜெயிக்க வேண்டும்? ஒன்பது ஆட்டத்துக்கு 900 கட்டுகிறீர்கள். ஐந்து ஜெயித்தால் 900 வரும். ஒன்பதுக்கு ஐந்து, அதாவது 55.6 சதவீதம்.

எதிராளியைவிடத் திறமைசாலி, 100-க்கு 52 ஆட்டம் ஜெயிப்பவர் என்றால்? 52 முறை 180, அதாவது 9,360. கட்டியது 10,000. நஷ்டம் 640. ஆட்டத்துக்கு 6 ரூபாய் 40 காசு. ராத்திரிக்கு 40 ஆட்டம் ஆடினால் 256 ரூபாய். மாதத்துக்கு 7,680.

அண்ணன் தன் ஆட்டங்களை எனக்குக் காட்டினார். பாதிக்கு மேல் ஜெயித்திருந்தார். "பாருடே, நான்தான் அதிகம் ஜெயிச்சிருக்கேன், அப்புறம் எப்படி காசு போச்சு?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்த ஒன்பதுக்கு ஐந்து கணக்கை எழுதிக் காட்டியபோது பேப்பரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நம்ம ரெண்டாம் செமஸ்டரிலேயே படிச்சோமே" என்றார். பீஸை அவருடைய அக்கா நகையை அடகு வைத்துக் கட்டினார். மீட்டுவிட்டார்களா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதம் பார்க்காமல், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. அதை எதிர்த்து வழக்குகளும் போயின. தடைதான் சரியா என்று சொல்லும் அளவுக்கு எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அந்தப் பழைய கேள்வியை ஓரமாக வைத்துவிட்டார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

திரும்பவும் மாமா

இத்தனையும் படித்தபிறகு மாமாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாரம் 50 ரூபாய். பாதி திரும்ப வருகிறது என்றே வைப்போம். வாரம் 25 ரூபாய் நஷ்டம், வருஷத்துக்கு 1,300. ஒரு தப்பும் செய்யாத வீடியோ போக்கர் மேதை பத்து மணி நேரத்தில் இழப்பது 1,380. அதாவது 99.54 சதவீதத்தில், உலகத்திலேயே நன்றாக ஆடுகிறவர், மாமாவின் ஒரு வருஷ நஷ்டத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்!

மாமாவின் சதவீதம் மோசம்தான். ஆனால் அவரை அடுத்த டிக்கெட்டுக்கு யாரும் இரண்டு நிமிஷத்தில் கூப்பிடுவதில்லை. பாறசாலைக்குப் போக வேண்டும், சனிக்கிழமை வர வேண்டும், கடையை அடைக்க வேண்டும். அவர் தினமும் பத்து டிக்கெட் வாங்க ஆரம்பித்தால் என் பழைய பேப்பரை மறுபடியும் எடுத்துக்கொண்டு போவேன். நளனும் கடைசியில் வித்தை கற்றுத் திரும்பி வந்து, புட்கரனோடு ஒரே வீச்சில் நாட்டை மீட்டதாகத்தான் மகாபாரதம் சொல்கிறது. 600 கை ஆடவில்லை.

போன சனிக்கிழமை இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்பம் அந்த வேகாஸ் மிஷின்ல, ஒரு தப்பும் பண்ணாம ஆடுனாலும் சக்கரம் போகுமா?" (திருவிதாங்கூர் காலத்து நாணயம் சக்கரம். எங்கள் பக்கம் பழைய ஆட்கள் காசை இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.)

"போகும் மாமா. மணிக்கு 138 ரூபா."

"தப்பு பண்ணாததுக்கு நாமளே கூலி குடுக்கணுமா? நல்ல கூத்துதான் போ!" என்று சிரித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து வைத்துக் கடையை அடைக்க ஆரம்பித்தார். பாறசாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.